பழைய டீசல் லாரியில் ஹீட்டும் வயரிங்கும்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்க

"வண்டி ஹீட் ஆகுது" என்று பட்டறைக்கு வரும் லாரிகளில் பல உண்மையில் ஹீட் ஆவதே இல்லை. மீட்டர் முள் பொய் சொல்கிறது. அதை நம்பி ரேடியேட்டரை இறக்கி, வாட்டர் பம்ப்பை மாற்றி, கடைசியில் ஹெட்டையும் (சிலிண்டருக்கு மேல் மூடி) திறந்துவிட்டு வருகிறார்கள். பார்த்தால் சேசிஸில் துருவேறிய ஒரு எர்த் போல்ட் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு). நேர்மாறாக, "மீட்டர்தான் கோளாறு" என்று துணிந்து ஓட்டி எஞ்சினை சீஸ் பண்ணியவர்களும் (சுற்றாமல் இறுக வைத்தவர்களும்) உண்டு. அதனால் ஹீட்டையும் வயரிங்கையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வது டாடா 1210, 1613, லேலண்ட் காமெட், டஸ்கர் போன்ற மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டிகளுக்கு. ஈசிஎம் (எஞ்சினை நடத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) வைத்த வண்டிக்கு ஸ்கேனர்தான் வழி.

வேண்டிய சாமான் மூன்று: ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு லேசர் டெம்பரேச்சர் கன், இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பேட்டரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அதற்கேற்ற பல்பு போடுங்கள். டெம்பரேச்சர் கன் பளபளப்பான உலோகத்தில் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பிடித்தால் சரியாக வரும்.

## முதல் வேலை: முள் சொல்வது நிஜமா?

எஞ்சின் நன்றாக ஓடிச் சூடேறியதும் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஹவுசிங்கிலும் மேல் ஹோஸ் சேரும் கழுத்திலும் கன்னைப் பிடியுங்கள். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் எஞ்சின் சௌக்கியம். ஹவுசிங்கின் வெளிப்புறம் உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 100ஐத் தாண்டினால் ஹீட் உண்மை.

கன் 85 காட்டுகிறது, முள் சிவப்பில் நிற்கிறது என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். இரண்டுமே ஹீட் என்று காட்டினால் "ஏற்றத்தில் கொதிக்கிறது" பகுதியிலிருந்து படியுங்கள்.

வழியில் உண்மையாகவே கொதித்துவிட்டால்: ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் மொத்தமாகக் கொட்டியிருந்தாலோ உடனே ஆஃப் செய்யுங்கள். பெல்ட் ஓடுகிறது, தண்ணீரும் உள்ளே இருக்கிறது என்றால் ஆஃப் செய்யாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஓட்டமில்லாமல் நின்ற தண்ணீர் ஹெட்டைச் சுற்றி இன்னும் கொதிக்கும். மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே கூடாது. ஈரச் சாக்கு போட்டுத் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா லாரி ஸ்டாண்டிலும் இருக்கிறார்கள். ஆறிய பிறகும் பச்சைத் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்காமல், எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இல்லையென்றால் ஹெட் விரிசல் விடும்.

## முள் சிவப்பில், எஞ்சினோ சாதாரணம்

### இரவில் லைட் போட்டால் முள் ஏறுகிறது

இது எர்த். வேறு எதையும் தேடாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டு அணைத்து முள்ளைக் கவனியுங்கள். லைட்டோடு சேர்ந்து ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடம் மூன்று: பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸுக்குப் போகும் கேபிள், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் பட்டை, மீட்டர் போர்டின் பின்னால் கேபினில் முறுக்கியிருக்கும் கறுப்பு வயர். எஞ்சின் மவுண்ட் ரப்பர் என்பதால் அந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான் எஞ்சினுக்குச் சரியான எர்த். கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றிவிட்டு, மாட்ட மறந்து அனுப்பிவிடுவார்கள். வெறும் கண்ணால் பார்த்து "இருக்கு" என்று விடாதீர்கள். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை எமரி போட்டு, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

மீட்டரில் பார்க்க: 20 வோல்ட் டிசி ரேஞ்சில் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் குமிழிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. இந்த ஒரு சோதனையைத்தான் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் சொல்லித்தருவேன்.

### டீசல் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டுகிறது

இரண்டு முள்ளும் ஒன்றாக உயர்ந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில். பழைய மீட்டர் போர்டில் பின்னால் ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் டப்பி இருக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டும் மேலே ஏறும். உள்ளே காண்டாக்ட் அறுந்தால் இரண்டும் செத்துக் கிடக்கும். முதலில் போர்டு எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். சரியாகாவிட்டால் டப்பியை மாற்றுங்கள், விலை பெரிதில்லை.

### லைட்டுக்கும் சம்பந்தமில்லை, டீசல் முள்ளும் சரியாக இருக்கிறது

எஞ்சினில் தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சாரில் சொருகிய வயரைப் பிடுங்கி, சாவி போட்டுப் பாருங்கள். ஒற்றை வயர் சென்சாரில் முள் கூல் பக்கம் விழ வேண்டும்.

விழுந்தால் சென்சார் கெட்டுவிட்டது, மாற்றிவிடுங்கள். விழாமல் சிவப்பிலேயே நின்றால் மீட்டரின் பின்பக்கத்திலும் அதே வயரைக் கழற்றுங்கள். இப்போது விழுந்தால் நடுவழியில் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. எக்ஸாஸ்ட் மானிஃபோல்டுக்கு அருகிலும், கேபின் தரையில் துளை வழியாக ஏறும் இடத்திலும் பாருங்கள். துளையில் இருந்த ரப்பர் வளையம் எப்போதோ போயிருக்கும். அப்போதும் விழவில்லை என்றால் மீட்டர் போய்விட்டது.

## முள் எழவே இல்லை, அல்லது ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று விழுகிறது

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எஞ்சினைக் கொல்லும். ஏற்றத்தில் ஏறிக்கொண்டே போன முள் சட்டென்று கீழே விழுந்தால் "அப்பாடா, ஆறிடுச்சு" என்று மிதிக்காதீர்கள். தண்ணீர் மட்டம் இறங்கி சென்சாரின் முனை காற்றில் தொங்குகிறது என்று அர்த்தம். தண்ணீருக்குள் இருந்தால்தான் அது சரியாகச் சொல்லும். ஓரம் கட்டி உடனே பாருங்கள்.

எழவே எழாத முள்ளுக்கு: சென்சார் வயரைப் பிடுங்கி ஒரு நொடி மட்டும் எஞ்சின் பிளாக்கில் தொடுங்கள். முள் சிவப்புக்கு ஓடினால் மீட்டரும் வயரும் சரி, சென்சார்தான் கோளாறு. அதிக நேரம் தொட்டு வைத்தால் மீட்டர் கருகிவிடும். புதுச் சென்சார் போட்ட பிறகு முள் பாதியிலேயே நிற்கிறது என்றால் மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருப்பார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த்.

வயரே இல்லாமல் மெல்லிய செப்புக் குழாய் எஞ்சினுக்கு ஓடினால் அது குழாய் மீட்டர். குழாய் மடிந்தாலோ உடைந்தாலோ ஒட்ட வைக்க முடியாது, முழு செட்டாக மாற்ற வேண்டியதுதான்.

## சமதளத்தில் சரி, ஏற்றத்தில் கொதிக்கிறது

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போதோ, சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் ஏற்றத்திலோ தெரியவரும் கோளாறு இது. சமதளத்தில் எஞ்சின் பாதி வேலைதான் செய்கிறது, அதனால் பாதி அடைத்த ரேடியேட்டரும் சமாளித்துவிடும். காரணங்கள் நிறைய என்பதால் செலவில்லாததிலிருந்து போவோம்.

ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். பஞ்சு லோடு, நெல் லோடு, வைக்கோல் ஏற்றிய வண்டியில் ஃபின்களுக்கு (மெல்லிய தகடுகளுக்கு) இடையே மெத்தை மாதிரி தூசி அடைந்திருக்கும். முன்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடியுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் கன்னை ஒட்டிப் பிடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும், கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து பெல்ட். பெல்ட் ஓடும் இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. உள்பக்கம் பளபளவென்று கண்ணாடி போல் இருந்தால் இறுக்கியும் பயனில்லை, மாற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. அதிலுள்ள ஸ்பிரிங் அழுத்தம் பிடிப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடாமல் தாங்குகிறது. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மலையேறும்போது வழிந்து கொட்டும். மூடி மேல் அடித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள்.

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். பழைய ஹோஸ் மெத்தென்று ஆகியிருந்தால், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை மூடிவிடும், விட்டதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். ஒருவர் ரேஸ் கொடுக்க, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்முன்னே தெரியும்.

எஞ்சினைத் தொடாமலே பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஏறி முடித்து நிறுத்தியதும் ஒவ்வொரு பிரேக் டிரம்மிலும் டெம்பரேச்சர் கன்னைப் பிடியுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 40, 50 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே வருகிறது. எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது. இரண்டாவது, எக்ஸாஸ்ட் பிரேக். சைலன்சர் பைப்பில் இருக்கும் அந்தத் தட்டு துருப்பிடித்துப் பாதி மூடிய நிலையில் நின்றுவிடும். இழுவை குறையும், புகை கறுக்கும், ஹீட் ஏறும். பல பேர் இதற்கு டீசல் தெளிக்கும் நாசில் மாற்றிப் பார்ப்பார்கள். லிவரைக் கையால் அசைத்துப் பார்த்தாலே போதும். ஸ்பிரிங் இழுத்து முழுக்கத் திறக்க வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் ரேடியேட்டரின் உள் அடைப்பைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது கன்னை முகம் முழுக்க, மேலிருந்து கீழே வரிசை வரிசையாக நகர்த்துங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்த டியூபுகளில் தண்ணீர் போகவில்லை. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பு படிந்ததன் பலன் இது. கெமிக்கல் போட்டுக் கழுவினால் லேசான படிவுக்குச் சரி. கடுமையான அடைப்புக்கு ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து கம்பி விட்டுக் குத்த வேண்டும். செப்பு ரேடியேட்டரில்தான் அது முடியும். பிறகாவது டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் போட்டுச் சோதிக்கலாம். நூலில் கட்டி, சட்டியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன்மேல் அடித்திருக்கும் எண்ணில், பெரும்பாலும் 80க்குச் சற்று மேலே, திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஆகும். பாதியில் நின்றால் தூக்கிப் போடுங்கள். மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் வரட்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. பம்ப் டைமிங், நாசில் அழுத்தம் இரண்டும் பம்ப் நாசில் கடையின் டெஸ்ட் பெஞ்சில்தான் தெரியும். வாட்டர் பம்ப்பின் உள் இறக்கை அரித்திருந்தால் கழற்றினால்தான் தெரியும்.

## ஓட்டத்தில் சரி, ட்ராஃபிக்கில் நின்றால் ஹீட்

காற்றுப் பிரச்சினை. ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கவுல் (வளைய மறைப்பு), இறக்கை. பம்ப் வேலைக்குப் பிறகு இது தொடங்கியிருந்தால் ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டார்களா என்று பாருங்கள். காற்று ரேடியேட்டர் வழியாக எஞ்சின் பக்கம் வர வேண்டும். ஒரு துணித் துண்டை ரேடியேட்டரின் முன்னால் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

## சார்ஜ் லைட்டும் எரிகிறது, ஹீட்டும் ஏறுகிறது

நிறுத்துங்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பெல்ட் அறுந்தது அல்லது கழன்றது. "சார்ஜ்தானே, ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் அடுத்த சில கிலோமீட்டரில் ஹெட் வளைந்துவிடும். ஒரு பெல்ட் எப்போதும் கேபினில் இருக்கட்டும்.

## தண்ணீர் குறைகிறது, ஒழுகல் தெரியவில்லை

வாட்டர் பம்ப்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அங்கே துரு நிறத்தில் கோடு இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து அனுப்புகிற புண்ணியவான்களும் உண்டு. தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பேரிங்கில் இறங்கி, பம்ப்பே உடைந்துபோகும்.

அடுத்தது குமிழிச் சோதனை. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்சம் ரேஸ் கொடுங்கள். ஆரம்பத்தில் நாலைந்து குமிழி வருவது சிக்கியிருந்த காற்று, அதை விடுங்கள். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் எல்லோரும் "ஹெட் கேஸ்கெட்" என்று சொல்லிவிடுவார்கள்.

அவசரப்படாதீர்கள். ஏர் பிரேக் வண்டிகள் பலவற்றில் கம்ப்ரசர் ஹெட்டுக்கும் எஞ்சின் தண்ணீர்தான் போகிறது. கம்ப்ரசர் கேஸ்கெட் போனாலும் இதே குமிழிதான் வரும். ஏர் டேங்க் நிரம்பி கம்ப்ரசர் காற்று ஏற்றுவதை நிறுத்தும்வரை (கட் ஆகும்வரை) எஞ்சினை ஓடவிடுங்கள். கட் ஆனதும் குமிழி குறைந்து, பிரேக்கைப் பலமுறை மிதித்துக் காற்றை இறக்கியதும் மறுபடி கூடினால் கம்ப்ரசர்தான். உறுதிப்படுத்த, கம்ப்ரசருக்குப் போய்வரும் இரண்டு தண்ணீர் ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டுச் சில நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றால் ஹெட்டைத் தொட வேண்டியதே இல்லை.

குமிழியில் புகை வாடை அடித்தால், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால், டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால், அது ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். ஆயிலில் மட்டும் தண்ணீர் இறங்கி, குமிழி இல்லை, எஞ்சின் வெட் லைனர் (தண்ணீர் நேராகத் தொடும் சிலிண்டர் உறை) என்றால் லைனரின் அடி ரப்பர் வளையங்களாக இருக்கலாம். எதுவானாலும் இனி ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் ஓட்டினால் கிராங்க் பேரிங்கும் சேர்ந்து போகும்.

## எஞ்சின் சூடே ஏறவில்லை

முள் சரியாக இருக்கிறது, கன்னும் 60 டிகிரிதான் காட்டுகிறது என்றால் பெரும்பாலும் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்பது பட்டறைகளில் வழக்கமான பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் போர் தேய்மானம் கூடும். அது மட்டுமல்ல, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, ஏற்றத்தில் கொதிக்கும். ஹீட்டுக்குப் பயந்து கழற்றியதே ஹீட்டுக்குக் காரணமாகிவிடும்.

## செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது, அல்லது "டக்" என்று நின்றுவிடுகிறது

முதலில் பேட்டரி குமிழ்களைச் சுடுநீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு மேலே சொன்ன எர்த் சோதனை. எர்த் சரியென்றால் பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே அதே மாதிரி பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் கேபிளோ கட்-ஆஃப் சுவிட்சோ. செல்ஃப் அடித்தபின் ஆக்ஸிலரேட்டர் கேபிள் தொட்டால் சுடுகிறது என்றால் எஞ்சின் எர்த் அறுந்து, கரண்ட் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் செல்ஃபைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள்.

## இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் அடிக்கடி போகிறது

24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்கும் மொபைல் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருப்பார்கள். இழுக்கப்படும் பேட்டரி எப்போதும் பாதி சார்ஜில் நிற்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகித் தண்ணீர் வற்றும். எஞ்சின் ஓடும்போது இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மொத்தம் 28 வோல்ட் சுற்றி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 இருக்க வேண்டும். ஒன்றில் 13ம் மற்றதில் 15ம் என்றால் இதுதான். அந்த வயரைப் பிடுங்கிவிட்டு 24க்கு 12 கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். ஒரு பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றினால் மறுபடி அதேதான் நடக்கும்.

## ஒரே ஃப்யூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது

எரிந்த ஃப்யூஸின் இடத்தில் டெஸ்ட் லேம்ப்பைச் சொருகுங்கள். அந்த லைனில் உள்ள சுவிட்சுகளை எல்லாம் ஆஃப் செய்த பிறகும் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இப்போது வயர் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு அணையும் இடத்தில்தான் கோளாறு. பாடி கட்டும்போது தனியாக இழுத்த டாப் லைட், சைடு மார்க்கர் வயர்களிலிருந்து தொடங்குங்கள். சேசிஸில் கம்பெனி வயரைவிட இவைதான் அதிகம் உரசும். கேபினுக்குள் எலி கடித்த இடமும் பாருங்கள்.

ஃப்யூஸுக்குப் பதில் செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டி வெள்ளித் தாளோ சுற்றியிருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள். ஃப்யூஸ் எரியாவிட்டால் வயர் எரியும்.

வயர் உறை பல இடத்தில் கறுத்து, விரலால் மடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தால் டேப் சுற்றிப் பயனில்லை. அப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மெயின் கட்டையே புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டுக்கும் ஏர் ஹாரனுக்கும் தனித்தனி ரிலே கேளுங்கள், தடித்த வயர் கேளுங்கள், ஒவ்வொரு லைனுக்கும் எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்று பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டித்தரச் சொல்லுங்கள்.